கதவில் தொங்கும் ஸ்டெப்னி

கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் நண்பரின் மஹிந்திரா தார் வண்டி நின்றிருந்தது. பின்கதவைத் திறக்கும்போது சிக்கல் இல்லை. மூடும்போதுதான் ஒரு கையால் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பூட்டு அதன் கொக்கியில் போய் விழாது. ஆறு மாதம் முன்புதான் நாலு சக்கரத்துக்கும் 35 அங்குல டயர் போட்டு, ஐந்தாவதைப் பின்கதவில் மாட்டியிருந்தார். "கனம் தாங்காம போகலீங்க தம்பி. ஆடி ஆடியே போயிருக்குது" என்றார் பட்டறைக்காரர். ஒரு வரியில் முழு இயற்பியலையும் சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரை அந்த வரிக்கு உரை மட்டுமே.

முதலில் அந்தப் பெயர். உபரிச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். இது வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அந்த ஸ்டெப்னி தெருவில் தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் காற்றடித்த டயரோடு கூடிய, ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதைக் கவ்வவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். ஆங்கிலேயர்களே மறந்துவிட்ட பெயரை நம் ஊர்ப் பட்டறைகள் இன்றும் விடாமல் வைத்திருக்கின்றன.

சரி, பெரிய டயர் போட்டவர் பழைய சிறிய ஸ்டெப்னியையே வைத்துக்கொண்டால் என்ன? ஆத்திர அவசரத்துக்குத்தானே?

தாரின் 18 அங்குல ரிம்மில் நிறுவனம் தரும் டயர் 255/65 ஆர் 18. அதாவது அகலம் 255 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். கணக்குப் போட்டால் அதன் விட்டம் ஏறத்தாழ 789 மி.மீ. 35 அங்குலம் என்பது 889 மி.மீ. ஒரு கிலோமீட்டர் போக சிறியது 404 சுற்றுச் சுற்ற வேண்டும், பெரியதற்கு 358 போதும். ஒரே ஆக்சிலில் இரண்டையும் மாட்டினால் நேர்ச்சாலையிலும் கிலோமீட்டருக்கு 46 சுற்று வித்தியாசம். இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட, வளைவில் மட்டும் வேலை செய்யப் பிறந்த டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் ஓய்வே இல்லாமல் உரசிக்கொண்டிருக்கும். நாலு சக்கர இயக்கத்தைப் போட்டால் இன்னும் மோசம். தார் போன்ற வண்டிகளில் அப்போது முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, முறுக்கம் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறிக்கொண்டே போகும். காட்டுக்குள் பஞ்சராகி, நாலு சக்கர இயக்கம் இல்லாமல் வெளியே வர முடியாத இடத்தில் அந்த வசதியையே பயன்படுத்த முடியாது என்றால் ஸ்டெப்னி எதற்கு? ஆகவே ஐந்தாவதும் பெரியதாகவே இருக்க வேண்டும்.

அதை எங்கே வைப்பது? அடியில் தொங்கவிட்டால் மேட்டிலிருந்து இறங்கும்போது தரையில் இடிக்கும். கூரையில் வைத்தால் வண்டி கவிழும் குணம் கூடும், ஒற்றை ஆளாக இறக்கவும் முடியாது. மிஞ்சுவது வண்டியின் முதுகு. இரண்டாம் உலகப் போரின் வில்லீஸ் ஜீப்பிலும் ஸ்டெப்னி முதுகில்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்கதவே கிடையாது. அசையாத தகட்டில் திருகியிருந்தார்கள். 1945இல் பொதுமக்களுக்கு வந்த சிஜே-2ஏ ஜீப்பில் பின்கதவு வைத்ததும், ஸ்டெப்னியை வண்டியின் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். திறந்து மூடும் ஒன்றின்மேல் கனத்தைத் தொங்கவிடுவதை அன்றைக்கு அவர்கள் தவிர்த்தார்கள் என்பது எனக்கு ரசமான விஷயம்.

இப்போது கனத்துக்கு வருவோம். நிறுவனம் தரும் சக்கரம் ரிம்மோடு சுமார் 30 கிலோ. 35 அங்குலம் சுமார் 45 கிலோ. "பதினைந்து கிலோதானே, அரிசி மூட்டையில் பாதிகூட இல்லை" என்று தோன்றும். ஆனால் கதவுக்குக் கிலோ தெரியாது. அதற்குத் தெரிந்தது திருப்புத்திறன்: கனம் பெருக்கல் தூரம். கிணற்று ராட்டினத்தில் கை நீட்டி வாளியைப் பிடிப்பதற்கும் உடம்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

கதவைத் திறந்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கீலிலிருந்து சக்கரத்தின் மையம் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 40 செ.மீ. என்று கொள்வோம். 45 கிலோவை 60ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 67 கிலோவுக்கு மேல் வரும். மேல் கீலை அவ்வளவு விசை வெளியே பிடுங்குகிறது. கீழ்க் கீலை அதே விசை உள்ளே அழுத்துகிறது. பழைய சக்கரத்துக்கு அது 45 கிலோ. கதவின் சொந்தக் கனம் இதில் சேரவில்லை.

கதவு மூடியிருக்கும்போது கீலுக்குப் பூட்டு கைகொடுக்கும். அப்போது பாரம் வேறு இடத்துக்குப் போகிறது. சக்கரம் கதவிலிருந்து பின்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கிறது அல்லவா, அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு. பழைய டயரின் அகலம் 255 மி.மீ., புதியது 12.5 அங்குலம், அதாவது 317 மி.மீ. அகலம் கூடினால் உள்பக்கம் கதவில் இடிக்கும் என்று பிராக்கெட்டுக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற இடைக்கட்டை வைத்து வெளியே தள்ளுவார்கள். பெரிய டயருக்காக வாங்கும் ரிம்மும் பெரும்பாலும் டயரை வெளியே தள்ளும் ரகம். சக்கரத்தின் எடைமையம் 20 செ.மீ. தள்ளி இருந்தது 25 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 30 பெருக்கல் 20 போய் 45 பெருக்கல் 25 வருகிறது. 600 இருந்த இடத்தில் 1,125. கனம் ஒன்றரை மடங்கு, திருப்புத்திறனோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இங்கே பலரும் கவனிக்காத சிறு பொருள் ஒன்று உண்டு: கதவில் ஒட்டியிருக்கும் ரப்பர்க் கட்டைகள். டயர் குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்கத்தான் இவை என்று நினைப்பார்கள். சக்கரத்தின் கனம் அதன் மேற்பாதியை வெளியே சாய்க்கப் பார்க்கிறது, கீழ்ப்பாதியைக் கதவை நோக்கித் தள்ளுகிறது. கீழே ரப்பர் அதைத் தாங்கினால், மேலேயுள்ள போல்ட்டுக்கும் ரப்பருக்கும் இடையே 35 செ.மீ. நெம்புகோல் கிடைக்கிறது, போல்ட்டின் மேல் இழுவை சுமார் 32 கிலோ. ஸ்பேசர் போட்டதில் டயர் ரப்பரைத் தொடாமல் நின்றால், 12 செ.மீ. இடைவெளியில் இருக்கும் போல்ட்டுகளே முழுத் திருப்பத்தையும் சமாளிக்க வேண்டும், 94 கிலோ. ரப்பர்க் கட்டையை மாற்ற ஆகும் செலவு மிகச் சொற்பம். நண்பரின் வண்டியில் டயருக்கும் ரப்பருக்கும் நடுவே என் விரல் தாராளமாகப் போய் வந்தது.

ஆனாலும் 94 கிலோ எஃகுக்கு ஒரு பொருட்டா? இல்லை. நண்பர் டயர் மாட்டிய அன்றே அதன்மேல் ஏறி நின்று காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஒருமுறை தாங்குமா என்பது வேறு கேள்வி, லட்சம் முறை தாங்குமா என்பது வேறு கேள்வி. குழியில் இறங்கி ஏறும்போது வண்டியின் பின்பகுதி மேலே எறியப்பட்டு விழுகிறது. அந்த அதிர்வில் 45 கிலோ ஒரு கணம் 100 கிலோவாகி, மறுகணம் எடையே இல்லாததுபோல் ஆகிறது. இழு, விடு, இழு, விடு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதன் மிக மெதுவான வடிவம் இது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரயில் ஆக்சில்கள் காரணமே தெரியாமல் ஒடிந்தபோது பொறியாளர் அவுகுஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் சோதித்துக் கண்டது இதைத்தான். உலோகம் முறியும் அளவுக்குக் கீழேயுள்ள விசையும், திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும். உலோகச் சோர்வு என்று பெயர்.

வெல்டிங் இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு பயங்கரமானது. தகைவு, அதாவது உலோகத்துக்குள் ஏறும் அழுத்தம், எத்தனை மடங்கு கூடுகிறதோ அதன் மும்மடிக்கு (அந்த எண்ணை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் வருவது) ஏற்ப ஆயுள் குறையும். நம் கணக்கில் திருப்புத்திறன் 1.9 மடங்கு, அதன் மும்மடி கிட்டத்தட்ட 7. பழைய சக்கரத்தோடு பிராக்கெட் பதினான்கு ஆண்டு உழைத்திருக்கும் என்றால் இப்போது இரண்டே ஆண்டு. அலுமினியமாக இருந்தால் இன்னொரு தொல்லை: எஃகுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழேயுள்ள ஆட்டம் அதைப் பெரும்பாலும் சோர்வடையச் செய்யாது. அலுமினியத்துக்கு அந்தத் தயவு கிடையாது. ஜீப் ரேங்ளரின் தற்போதைய தலைமுறையில் பின்கதவின் உள்சட்டம் மெக்னீசிய வார்ப்பு, வெளித்தோல் அலுமினியம். 2021இல் 35 அங்குல டயரை ஆலையிலேயே பொருத்தித் தர அந்த நிறுவனம் முடிவெடுத்தபோது பின்கதவுக் கீல்களையும் சேர்த்து வலுப்படுத்தியது. பெரிய டயர் போட்டபோது வண்டியைச் செய்தவர்களே கதவையும் தொட வேண்டியிருந்தது.

வழி என்ன? ஒன்று, பிராக்கெட்டையும் இரண்டு கீல்களையும் ஒரே கனமான சட்டமாக இணைப்பது. கதவுத் தகடு அப்போது வெறும் பயணி. பாரம் நேராகக் கீலுக்குப் போகும். 35 அங்குலத்துக்கு இது போதும் என்பது என் கருத்து.

அதற்கு மேல் போனால் கதவை விட்டுவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிணைத்த பின் பம்பரில் தனிக் கை ஒன்றை நிறுத்த வேண்டும். பம்பரின் ஓரத்தில் தடித்த தண்டு, அதில் டிரெய்லர் சக்கரத்தில் இருப்பது போன்ற கூம்பு உருளை பேரிங், மறு ஓரத்தில் இறுக்கிக் கவ்வும் பூட்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாரின் பாடி சேசிஸின்மேல் ரப்பர் மெத்தைகளில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏறி, எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், பாடி தன் போக்கில் இருக்கும். இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் விலகல். பம்பரில் நிற்கும் கையையும் பாடியில் இருக்கும் கதவையும் போல்ட் போட்டு இறுக்கினால் அந்த விலகல் கதவைப் பிய்க்கும். அதனால் இரு முனையிலும் பந்து மூட்டு வைத்த கம்பியால் இணைக்கிறார்கள். கதவும் கையும் சேர்ந்தே திறக்கும், ஆனால் ஒன்றின் ஆட்டம் மற்றொன்றுக்குப் போகாது. விலை? கைக்கே 30, 40 கிலோ கூடுதல் கனம், அதுவும் பின் ஆக்சிலுக்குப் பின்னால்.

டயரால் மறைந்துபோகும் மேல் பிரேக் விளக்கு, டயரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ரிவர்ஸ் கேமரா, தெரியாமல் போகும் நம்பர் பிளேட் எல்லாம் சில்லறை வேலைகள். ஆனால் செய்தே ஆக வேண்டியவை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் டயர் வாங்கும் முன்பே யோசிப்பது நல்லது.

பட்டறைக்காரர் ஸ்டெப்னியைக் கழற்றி, பிராக்கெட்டைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் துளை ஒன்றிலிருந்து தலைமுடி போல ஒரு துருக்கோடு இரண்டு விரல் நீளத்துக்குப் போயிருந்தது. அதன் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். "இதுவரைக்கும் வந்திருக்குது" என்றார்.