தண்ணீர் போனால் வாடும் பூ, தண்ணீர் வந்தால் வாடும் பூ

தோவாளைச் சந்தையில் விடியற்காலையில் வாங்கிய பிச்சியும் கேந்தியும் மார்த்தாண்டத்துக் கல்யாண மண்டபத்தில் மேசை ஏறும்போது செழிப்பாகத்தான் இருக்கும். கடைசிப் பந்திக்கு இலை போடுவதற்குள் பிச்சி சோர்ந்து பழுப்பேறிவிடும். ஆகவே மாலைக்கும் தலைக்கும் தோவாளைப் பூ, மேசைக்குக் காகிதப் பூ என்று முடிவெடுக்கும் வீடுகள் குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் உண்டு. ஆடி கழிந்து ஆவணியில் கல்யாணங்கள் தொடங்கும்போது தென்மேற்குப் பருவமழை முழுவதும் ஓய்ந்திருக்காது. முந்தின இரவு விறைப்பாக நின்ற காகித ரோஜா அந்த ஈரக்காற்றில் விடியும்போது இதழ் தொங்கிக் கிடக்கும். செடியில் பூத்ததும் வாடுகிறது, கையால் செய்ததும் வாடுகிறது. காரணங்கள் மட்டும் நேர் எதிர்: ஒன்று தண்ணீர் போவதால் வாடுகிறது, மற்றது தண்ணீர் வருவதால்.

இத்தனைக்கும் இரண்டையும் தாங்கி நிற்பது ஒரே பொருள்தான், செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி அது. உயிருள்ள இதழில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி செல்லுலோஸ் மெல்லிய சுவராக இருக்கிறது. செல் தண்ணீரை உறிஞ்சி, உள்ளிருந்து அந்தச் சுவரைத் தள்ளுகிறது. சுவர் திருப்பித் தள்ளுகிறது. இந்த இழுபறியில்தான் இதழ் நிமிர்ந்து நிற்கிறது. பறித்த பூவுக்கு வேரிலிருந்து தண்ணீர் வராது, இதழ் வழியே ஆவியாவது மட்டும் நிற்காது. உள்ளழுத்தம் குறையக் குறைய சுவர் தளர்ந்து மடங்கிவிடுகிறது.

காகிதத்தில் செல் இல்லை, சுவர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மரத்தையோ கரும்புச் சக்கையையோ கூழாக்கும்போது செல்கள் வெறும் நார்களாகப் பிரிகின்றன. கூழைப் பரப்பி உலர்த்தினால், தண்ணீர் விலகும் இடத்தில் நாரும் நாரும் நெருங்கி ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கின்றன. காகிதம் தாளாக நிற்பது பெரும்பாலும் இந்தப் பிடியால்தான். நார்கள் கைகோக்கும் அதே இடங்களில் தண்ணீர் மூலக்கூறுகளும் ஒட்டிக்கொள்ள வல்லவை. ஈரம் புகுந்தால் நார்களுக்கு இடையிலான பிடி தளர்கிறது. இதழை நிமிர்த்திய தண்ணீரே தாளை மடக்கிவிடுகிறது.

பூ நிற்பதற்குக் காரணம் இது. அதற்கு வடிவம் எப்படி வருகிறது என்பது தனிக் கேள்வி. எனக்கு இதைவிடப் பிடித்ததும் அந்தக் கேள்விதான்.

நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றைக் கிழித்து ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுருக்கம் விழாமல் மூடிப் பாருங்கள். முடியாது. சாதாரணத் தாள் உருளையாக வளையும், கூம்பாகச் சுருளும், ஆனால் கிண்ணமாகக் குழியாது. காரணத்தை ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் 1827இல் நிறுவினார்: ஒரு பரப்பை இழுக்காமலும் சுருக்காமலும் வளைத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் அதன் இரு முதன்மை வளைவுகளை, அதாவது மிக அதிகமாக வளையும் திசையின் வளைவையும் மிகக் குறைவாக வளையும் திசையின் வளைவையும், பெருக்கி வரும் மதிப்பு மாறாது. தட்டையான தாளில் அந்த மதிப்பு பூஜ்யம். ஆகவே ஒரு திசையில் வளைத்தால் அதற்குக் குறுக்கே அது நேராகத்தான் இருந்தாக வேண்டும். ரோஜா இதழோ இரு திசையிலும் ஒரேசமயத்தில் வளைந்திருக்கிறது. அப்படியானால் தாள் எங்காவது நீள வேண்டும். சாதாரணத் தாள் சில சதவீதம் நீள்வதற்குள் கிழிந்துவிடும்.

கிரேப் பேப்பர் இங்கேதான் கைகொடுக்கிறது. ஈரத் தாளைச் சூடான பெரிய உருளையில் ஒட்டிச் சுழலவிட்டு, கத்தி போன்ற நீண்ட அலகால் சுரண்டி எடுப்பது இதன் பொதுவான தயாரிப்பு முறை. அலகில் முட்டும் தாள் நுண்ணிய மடிப்புகளாகக் குவிந்து, அப்படியே உலர்ந்து நிலைத்துவிடுகிறது. அதாவது கூடுதல் நீளம் மடிப்புகளுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. கனமான கிரேப் பேப்பரை இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கலாம். ஆனால் ஒரே திசையில்தான், சுருக்கக் கோடுகளுக்குக் குறுக்கே. கோடு ஓடும் திசையில் இழுத்தால் மற்றத் தாள்போலக் கிழியும்.

மார்த்தாண்டம் பக்கத்தில் பூ கட்டும் அக்கா ஒருவர், பழக வந்த பள்ளிப் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்: “கோடு மேலயும் கீழயுமா ஓடணும் மக்களே, குறுக்க வெட்டப்பிடாது. குறுக்க வெட்டினா இதழு குழியாது.” இதழின் அடியிலிருந்து நுனிக்குக் கோடு ஓடினால், இரு கட்டைவிரல்களையும் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளும்போது நடுப்பகுதி மட்டும் விரிந்து குழிகிறது.

கணக்கு இதுதான். தட்டையான வட்டத்தின் ஆரம் 1 என்றால் விளிம்பின் நீளம் 6.28. அரைக்கோளக் கிண்ணத்தில் அடிப்புள்ளியிலிருந்து விளிம்புவரை பரப்பின் மேலேயே அளந்த தூரம் 1 என்றால், விளிம்பு 4 மட்டுமே. நடுவை ஒப்பிட விளிம்பு குட்டையானால் கிண்ணம் வரும். விளிம்பு 6.28ஐத் தாண்டினால் கூடுதல் நீளத்துக்குத் தட்டையில் இடம் இல்லாமல் அலையலையாக நெளியும். நடுவை இழுத்தால் தாமரை இதழ், விளிம்பை இழுத்தால் கார்னேஷன் நெளிவு. காகிதப் பூவின் எத்தனையோ வடிவங்கள் இந்த இரண்டு இழுப்புகளின் கலவையில் பிறக்கின்றன.

செடியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. இழுப்பதற்குப் பதிலாக வளர்கிறது, அவ்வளவுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பணியாற்றும் எல். மகாதேவனும் ஹையி லியாங்கும் 2011இல் லில்லி மொட்டை ஆராய்ந்தார்கள். இதழின் நடுநரம்பைவிட ஓரங்கள் கூடுதலாக வளர்வதே மொட்டை வெளிப்புறமாக விரித்து மலரவைக்கிறது என்று காட்டினார்கள். இலைகளில் அந்த ஓர வளர்ச்சியை அடக்கி வைக்கும் மரபணு ஒன்றைப் பற்றி 2003இல் உத்பல் நாத்தும் சகாக்களும் எழுதினார்கள். அந்த மரபணு பழுதான ஸ்னாப்டிராகன் செடியில் ஓரச் செல்கள் உரிய நேரத்தில் பிரிவதை நிறுத்துவதில்லை. தட்டையாக இருக்க வேண்டிய இலை நெளிந்து சுருண்டுவிடுகிறது.

ரோஜா மட்டும் வேறு வழியில் போகிறது. அதன் முதிர்ந்த இதழின் ஓரம் அலையாக நெளியாமல், பின்னால் சுருண்டு கூர்முனைகளாக முடியும். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். இங்கே சிக்கல் விளிம்பின் நீளத்தில் இல்லை. இதழ் எந்தப் பக்கம், எவ்வளவு வளைய விரும்புகிறதோ அந்த வளைவுகள் ஒன்றோடொன்று வடிவியல்படி பொருந்துவதில்லை. பொருந்தாமையால் எழும் இறுக்கம் சில புள்ளிகளில் குவிந்து கூர்முனையாகிறது. காகித ரோஜா செய்பவர்கள் விளிம்பை முழுக்க ஒரே சுருளாக உருட்டாமல், ஊசியில் இடமொரு சுருள் வலமொரு சுருள் என்று பின்னுக்கு உருட்டி நடுவே முனை விடுவார்கள். விளிம்பை இழுத்து நெளியவிட்டால் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அது ரோஜாவாகத் தோன்றுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்த அந்த வேறுபாட்டுக்கு இப்போது கணிதமும் கிடைத்திருக்கிறது.

மெல்லிய காம்பிலைகளைக் கத்தரிக்கோல் அலகில் இழுத்துச் சுருட்டுவதும் நீளம் மாற்றும் வேலைதான். அலகைத் தொடாத வெளிப்பக்கம் இழுபட்டு நிரந்தரமாகச் சற்று நீள்கிறது. விட்டதும் நீண்ட பக்கம் வெளியே வரும்படி சுருள்கிறது. ரிப்பன்களை வைத்து இதைச் சோதித்தவர்கள், மெதுவாக இழுத்தால் சுருள் இறுக்கமாக வருவதைக் கண்டார்கள். பொருள் புதிய நீளத்துக்குப் பழக நேரம் வேண்டும். அவசரப்பட்டு இழுக்கும் கைக்குச் சுருள் தளர்வாகத்தான் வரும்.

இவ்வளவு பாடுபட்டு இழுத்து வைத்த நீளத்தைக் காற்று தளர்த்திவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள அறையில் காகிதத்தின் எடையில் ஏறக்குறைய 6 முதல் 8 சதவீதம் தண்ணீர் இருக்கும். 90 சதவீத ஈரப்பதத்தில் அது கிட்டத்தட்ட இரட்டிக்கும். தாள் விறைப்பை இழக்கிறது, இதழின் எடையே அதைக் கீழே இழுக்கிறது. ஆய்வுக்கூடங்கள் காகிதத்தை 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில் வைத்துச் சோதிப்பது இதனால்தான். குமரி மாவட்டம் சிறியது, ஆனாலும் கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழியும் மழை பெய்து தேங்கும் குலசேகரமும் ஒரே காகிதத்துக்கு இரு வேறு உலகங்கள்.

தொடர்ந்து ஈரமாக இருப்பதைவிட ஈரமும் உலர்வும் மாறிமாறி வருவது இன்னும் கெடுதல். எடை தாங்கி நிற்கும் காகிதம் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்கிறது. கிடங்குகளில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் இப்படித்தான் நசுங்குகின்றன. இரவு ஏ.சி.யை நிறுத்தி, காலையில் போட்டு, பந்திக்குக் கதவைத் திறந்துவைக்கும் மண்டபத்தில் காகிதப் பூவுக்கு நடப்பதும் அதுவே. பூவை மூடிய டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருந்து, கல்யாணத்தன்று காலையில் மேசையில் எடுத்து வைப்பது நல்லது.

மெழுகில் தோய்ப்பது பழைய வழி. மெழுகு ஈரத்தை முற்றாகத் தடுப்பதில்லை, உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கிறது. ஒரு நாள் கல்யாணத்துக்கு அது போதும். தோய்த்ததும் நிறம் அடர்ந்து, இதழில் லேசாக ஒளி ஊடுருவும். தாளுக்குள் நாரும் காற்றும் சந்திக்கும் இடங்களில்தான் ஒளி சிதறுகிறது. காற்று இருந்த இடத்தை மெழுகு பிடித்துக்கொண்டால் சிதறல் குறைந்துவிடுகிறது, வடை வைத்த தாளில் எண்ணெய் ஊறிய இடம்போல. மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். தோய்த்த பூவைக் குத்துவிளக்குக்கோ மெழுகுவத்திக்கோ அருகில் வைக்கவே கூடாது. காம்பில் சுற்றும் பச்சை டேப்பும் மெழுகேற்றிய கிரேப் பேப்பர்தான். இழுத்தால்தான் அது ஒட்டும், இழுக்காமல் சுற்றிவிட்டு “பசையே இல்லை” என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

நிறத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மலிவான கிரேப் பேப்பரின் சாயம் நாரில் உறுதியாகப் பிடிப்பதில்லை. ஈரப் பஞ்சால் ஓரத்தை ஒற்றினால் தெரிந்துவிடும். சாயம் ஏறினால் அந்தப் பூ வெள்ளை விரிப்பில் நேராக உட்காரக் கூடாது, கண்ணாடிச் சாடிக்குள் போக வேண்டும்.

பசையில் ஓர் எச்சரிக்கை. மைதா மாவைக் காய்ச்சினால் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி மாவின் மணிகள் தண்ணீர் குடித்து வீங்கிப் பசையாகின்றன. ஒட்டுவதும் ஹைட்ரஜன் பிணைப்பால்தான், ஆகவே ஈரத்தில் தளர்வதும் தாளைப்போலவே. பூச்சி அரிக்காமல் இருக்க, புத்தகம் கட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது நஞ்சு. புத்தக அட்டைக்குள் இருக்கலாம். இலைக்கு ஒரு சாண் தள்ளி, குழந்தைகள் எட்டிப் பிடிக்கும் இடத்தில் வைக்கும் பூவில் ஒரு துளிகூட வேண்டாம். தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையே மேசைப் பூவுக்கு ஏற்றது. உலர்ந்தபின் அது பிளாஸ்டிக் படலமாக மாறிவிடுவதால், மைதாவைவிட ஆவணி ஈரத்தையும் அதிக நேரம் தாங்கும்.