கடனே வாங்காதவருக்கு ஏன் கடன் கிடைக்கவில்லை?

‘வாழ்க்கையில் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. வீட்டுக் கடன் கேட்டுப் போனால், உங்களுக்கு ஸ்கோரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு இடத்தில் கடன் வைத்திருப்பவனுக்கு உடனே கொடுக்கிறார்கள். இதில் என்ன சார் அறிவியல் இருக்கிறது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது. ஆனால் அறிவியல் இருக்கிறது; அதுவும் போர்க்காலத்தில் ரகசியக் குறியீட்டை உடைக்கப் பயன்பட்ட அதே கணக்கு.

முதலில் தெரிந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். கடன் கொடுத்த நிறுவனங்கள், யார் தவணை கட்டினார்கள், யார் தாமதித்தார்கள் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவறாமல் அனுப்புகின்றன. அந்த வரலாற்றை ஒரு சூத்திரத்தில் போட்டால் மூன்று இலக்க எண் வருகிறது. அதுதான் கிரெடிட் ஸ்கோர்.

அந்த வரலாறு பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? என் அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் மூன்று பூஜ்யங்கள் இருந்தால் பாக்கி இல்லை என்று அர்த்தம். வரிசையாக 000, 000, 000 என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒன்று மட்டும் 034. வீடு மாறியபோது ஒரு கார்டின் ஆண்டுக் கட்டணத்துக்கான பில் பழைய முகவரிக்குப் போய்விட்டது. 34 நாள் தாமதம். தொகை அற்பம்தான், ஆனால் அந்தக் கட்டத்தில் நாள் கணக்கு மட்டும்தான் இருக்கிறது; தொகையும் இல்லை, காரணமும் இல்லை.

அந்த 034 எப்படி மதிப்பெண்ணாக மாறுகிறது என்பதுதான் சுவாரசியமான இடம். கணக்குக்கு வசதியாகச் சில கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். பழைய கடன்களைப் புரட்டினால், ஒழுங்காகக் கட்டிய 20 பேருக்குக் கட்டாதவர் ஒருவர் இருக்கிறார். புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். அவரைப் பற்றி எதுவும் தெரியாதவரை நம் பந்தயம் 20க்கு 1. இப்போது அவர் வரலாற்றில் ஒரு தாமதம் தெரிகிறது. கட்டியவர்களில் 10 சதவீதம் பேருக்கு இப்படி ஒரு தாமதம் உண்டு. கட்டாதவர்களில் 40 சதவீதம் பேருக்கு உண்டு. 10க்கு 40 என்றால் கால் பங்கு. பந்தயம் 5க்கு 1 ஆகச் சரிகிறது. அடுத்து, அவருடைய கணக்கு பத்தாண்டு பழையது. கட்டியவர்களில் 60 சதவீதம் பேரிடமும் கட்டாதவர்களில் 30 சதவீதம் பேரிடமும் இப்படிப் பழைய கணக்கு இருக்கிறது. இரண்டால் பெருக்கு: 10க்கு 1. கார்டு லிமிட்டில் கொஞ்சமே பயன்படுத்துகிறார். அதற்கு நான்கு மடங்கு என்று வையுங்கள்: 40க்கு 1.

இப்படிப் பெருக்கிக்கொண்டே போவது யாருக்கும் சிரமம். பள்ளியில் மடக்கை அட்டவணையை எதற்குப் புரட்டினோம்? பெருக்கலைக் கூட்டலாக மாற்றத்தானே! இங்கும் அதே வேலைதான். விகிதம் இரண்டு மடங்கானால் 20 புள்ளி என்று ஓர் அளவுகோல் வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் வழக்கமாக எடுக்கிற அளவுதான். தொடக்கப் புள்ளியான 20க்கு 1 என்பதை 600 என்று வைப்போம். தாமதத்துக்கு 40 கழி, பழைய கணக்குக்கு 20 கூட்டு, குறைந்த பயன்பாட்டுக்கு 40 கூட்டு. 620. ஸ்கோர் என்பது அவ்வளவுதான், ஒரு பந்தயத்தின் மடக்கை. சான்றுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அதைச் சரிசெய்யப் புள்ளியியலில் வழிகள் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் கணிதவியலாளர் ஆலன் டியூரிங் செய்தது இதையேதான். ஜெர்மன் கடற்படை எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டு இயந்திரத்தில் அனுப்பிய இரண்டு செய்திகளைத் துளையிட்ட நீளமான தாள்களில் ஏற்றி, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தி, எழுத்துகள் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு ஒற்றுமைக்கும் கொஞ்சம் புள்ளி கூடும், வேற்றுமைக்குக் கொஞ்சம் குறையும். தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சானதால், சான்றின் எடையை அளக்கும் அலகுக்கு ‘பான்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு டெசிபான். நம் 20 புள்ளி சுமார் 3 டெசிபானுக்குச் சமம். டியூரிங்குடன் வேலை செய்த ஐ. ஜே. குட் பின்னாளில் ‘சான்றின் எடை’ என்ற கருத்தை வளர்த்தெடுத்தார். இன்றைக்கும் கடன் கணக்கு போடுபவர்கள் வாயில் புழங்குவது அதே சொல்தான். கடனுக்குப் புள்ளியியலைக் கொண்டுவந்த வழி வேறு: ஐரிஸ் பூக்களின் இதழை அளந்து இனம் பிரிக்கப் புள்ளியியலாளர் ஃபிஷர் 1936ல் தந்த முறையை, டேவிட் டியூரண்ட் 1941ல் தவணைக் கடன்கள் மேல் போட்டுப் பார்த்தார். பொறியாளர் பில் ஃபேரும் கணிதவியலாளர் எர்ல் ஐசக்கும் 1956ல் தொடங்கிய நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சுருக்கிய ஃபைக்கோ ஸ்கோர் 1989ல் அமெரிக்காவில் வந்தது.

மடக்கை என்று தெரிந்துவிட்டால் ஒரு பைத்தியம் தெளியும். மேலே சொன்ன அளவுகோலில் 600லிருந்து 620க்கு ஏறினால், கட்டாமல் போகும் வாய்ப்பு சுமார் 4.8 சதவீதத்திலிருந்து 2.4க்கு இறங்குகிறது. பெரிய விஷயம். அதே 20 புள்ளி, 700லிருந்து 720க்கு என்றால்? 0.16லிருந்து 0.08. கடன் கொடுக்கும் எவருக்கும் இது உறைக்காது. உச்சியில் இருந்துகொண்டு இன்னும் பத்துப் புள்ளிக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

வாசகரின் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அவரிடம் சான்று இல்லை. கூட்டவும் ஒன்றுமில்லை, கழிக்கவும் ஒன்றுமில்லை. அவர் யோக்கியரா என்பதைச் சூத்திரம் விசாரிக்கவே இல்லை. ஃபைக்கோ முறையில் ஸ்கோர் பிறக்கவே குறைந்தது ஆறு மாதம் பழைய கணக்கு ஒன்று வேண்டும்.

ஸ்கோரை உயர்த்தும் வழிகளில் பாதி உங்களுக்கே தெரியும். ஃபைக்கோ சொல்லும் பொதுவான பங்கில் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், பாக்கித் தொகைக்கு 30. ஆகவே ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பில் போடும் தேதி வேறு, கட்டக் கடைசித் தேதி வேறு. லிமிட்டில் 90 சதவீதம் செலவழித்துவிட்டுக் கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டினாலும், பெரும்பாலும் பில் போட்ட அன்றைய பாக்கிதான் அறிக்கைக்குப் போகும். சூத்திரத்தின் கண்ணுக்கு நீங்கள் கழுத்துவரை கடனில் நிற்பவர். கடன் கேட்கப் போகும் மாதத்தில் மட்டுமாவது பில் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

மற்றபடி மூடநம்பிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. தன் ஸ்கோரைத் தானே பார்த்தால் குறையும் என்பது பொய். கொஞ்சம் பாக்கி வைத்து வட்டி கட்டினால் ஏறும் என்பது அதைவிட மோசமான பொய். கைக்காசு போவதுதான் மிச்சம். காசு கொடுத்தால் பழைய தாமதத்தை அழித்துத் தருகிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள். தவறான பதிவென்றால் நீங்களே எழுதிக் கேட்டுத் திருத்தலாம். உண்மையான பதிவை அவராலும் அழிக்க முடியாது.

எனக்கு இந்தக் கணக்கின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. மறுக்கப்பட்டவர் கடன் கிடைத்திருந்தால் கட்டியிருப்பாரா என்பது தரவில் வருவதே இல்லை. கடன் கிடைத்தவர்களை மட்டும் பார்த்துக் கற்ற சூத்திரம், கிடைக்காதவர்களுக்கும் தீர்ப்பு சொல்கிறது. சில நிறுவனங்கள் மறுக்க வேண்டியவர்களில் ஒரு சிலருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்துச் சோதித்ததுண்டு. நட்டக் கணக்கைப் பார்த்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. பொதுப் பணத்தில் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் இந்தச் சோதனைக்குக் கொஞ்சம் ஒதுக்கி, பெயர் நீக்கிய தரவைப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிடலாம்.

வாசகருக்கு: வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கும் சின்ன லிமிட் கார்டு ஒன்று எடுங்கள். மாதம் ஒரு பில் போதும். முழுதாகக் கட்டுங்கள். ஆறேழு கட்டங்களில் 000 விழுந்ததும் மறுபடி போய்க் கேளுங்கள். இடையில் வீடு மாறினால், முதல் வேலையாக முகவரியை மாற்றிவிடுங்கள்.