அதிகம் கரையாத அட்ரசின் கிணற்றை எட்டுவது எப்படி?

மக்காச்சோளம் விதைத்த சில நாட்களுக்குள், களை தலைகாட்டும் முன்பே, ஈரமான மண்ணின் மேல் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். தெளித்து முடித்ததும் முதுகில் சுமந்த தெளிப்பானைக் கிணற்றடியிலோ மோட்டார் கொட்டகையின் ஓரத்திலோ இறக்கிவைத்து, அடியில் தங்கியதை அங்கேயே கொட்டி டேங்கைக் கழுவுவார்கள். தண்ணீர் அங்கேதானே இருக்கிறது.

அப்படிக் கொட்டுவதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஹெக்டேருக்கு 1 கிலோ வீரியப் பொருளை 500 லிட்டர் தண்ணீரில் கலந்ததாக வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் கலவையில் 2 கிராம் இருக்கும். டேங்கின் அடியில் தங்கிய 100 மில்லியில் இருப்பது 0.2 கிராம், அதாவது 2 லட்சம் மைக்ரோகிராம். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் மூன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். அந்த 100 மில்லி முழுவதும் கிணற்றுக்குள் இறங்கிக் கலந்துவிட்டால், லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்ற அளவு வரும். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 அட்ரசினுக்கு வகுத்திருக்கும் வரம்பும் அதே 2 மைக்ரோகிராம்தான். அரை டம்ளர் கலவை ஒரு கிணற்றையே வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

கிணற்றடியில் கொட்டுவதை விட்டுவிடுவோம். வயலில் முறையாகத் தெளித்த மருந்து நிலத்தடி நீரை எட்டுவது எப்படி என்பதே அதைவிடச் சுவையான கேள்வி. தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்துதான் தண்ணீரோடு கீழே போகும் என்று நாம் நினைப்போம். உண்மை அப்படியில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் அட்ரசின் சுமார் 33 மில்லிகிராம்தான் கரையும். இன்னொரு களைக்கொல்லியான கிளைபோசேட்டோ 10 கிராமுக்கு மேல் கரையும். ஆயினும் உலகெங்கும் நிலத்தடி நீரில் அடிக்கடி அகப்படுவது அட்ரசினே. நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாகக் கரையும் கிளைபோசேட் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நின்றுவிடுகிறது.

காரணம், மண்ணின் பிடி. கிளைபோசேட் மூலக்கூறில் பாஸ்பேட்டை ஒத்த ஒரு முனை உண்டு. மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பேட்டை எப்படி விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கின்றனவோ அப்படியே இதையும் பற்றிக்கொள்கின்றன. இரும்பு மிகுந்த செம்மண்ணில் இந்தப் பிடி இன்னும் இறுக்கமானது. (சூப்பர் பாஸ்பேட் நிறைய இட்ட நிலத்தில் அந்த இடங்களை உரம் முன்பே பிடித்துக்கொள்வதால், கிளைபோசேட் ஓரளவு இடமின்றி அலையவும் கூடும்.) ஆகவே அது இடம்பெயர்வது பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகத்தான்: மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும்போது வண்டலில் ஒட்டியபடி ஏரிக்கும் குளத்துக்கும் போய்ச் சேர்கிறது.

அட்ரசினுக்கு அத்தகைய கைப்பிடி எதுவும் கிடையாது. சாதாரண மண்ணில் அது மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு. மக்கிய இலைதழையின் கரிமப் பொருள்தான் அதைச் சற்றே தடுத்து நிறுத்துகிறது. அந்தப் பிடியும் நிலையானதன்று. ஈரம் ஏறும்போது விட்டுவிட்டு, சற்றுக் கீழே மறுபடி ஒட்டி, மீண்டும் விடுபடும். ஊர் ஊராக நின்று செல்லும் பேருந்தைப் போல அது இறங்குகிறது எனலாம். நிறுத்தங்கள் எத்தனை என்பதைக் கரிமப் பொருளே முடிவுசெய்கிறது. மண்ணின் கரிமச் சத்து 2 சதவீதமாக இருந்தால், அட்ரசின் தண்ணீரைவிட ஏறத்தாழ 9 மடங்கு மெதுவாக இறங்கும், 0.3 சதவீதமாக இருந்தால் சுமார் 2 மடங்குதான் மெதுவாக இறங்கும். தொழு உரம் காணாத மானாவாரி நிலங்கள் பலவும் இந்த இரண்டாவது வகைக்கு அருகில்தான் உள்ளன.

இதுவும் மண் ஒரே சீரான சல்லடையாக இருந்தால்தான் பொருந்தும். மண்புழு துளைத்த பாதைகள், அழுகிப்போன வேர்கள் விட்டுச்சென்ற குழாய்கள், வெயிலில் வாய்பிளந்த கரிசல் வெடிப்புகள் ஆகியவற்றின் வழியே மழைநீர் மேல்மண்ணைத் தொடாமலே பாய்ந்துவிடும். மருந்து அடித்த ஓரிரு நாளில் கனமழை வந்தால், அந்த ஒரே மழையில் இறங்குவது அதன்பின் ஒரு பருவம் முழுவதும் இறங்குவதைவிட அதிகமாக இருக்கலாம். இறங்க வேண்டிய பங்கும் பெரிதன்று. ஹெக்டேருக்கு இட்ட 1 கிலோவில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 10 கிராம், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் ஊறும் நீரோடு போனால்கூட, அந்த 20 லட்சம் லிட்டரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருக்கும்.

மண்ணின் பிடியைப் போலவே முக்கியமான இன்னொரு தடை நுண்ணுயிர்கள். 1950களில் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் அட்ரசினை உருவாக்கியபோது, அதன் மூலக்கூறிலுள்ள நைட்ரஜன் கோத்த வளையத்தையும் அதில் தொங்கும் குளோரினையும் பெரும்பாலான மண் பாக்டீரியாக்களால் எளிதில் கையாள முடியவில்லை. 1990களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், களைக்கொல்லி சிந்திய மண்ணிலிருந்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த சூடோமோனாஸ் ஏ.டி.பி. என்ற பாக்டீரியாவோ அட்ரசினைத் தன் நைட்ரஜன் உணவாகவே உண்டு வளர்ந்தது. அதன் முதல் நொதி குளோரினைக் கழற்றி அந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. அந்த ஒரு மாற்றத்தோடு களையைக் கொல்லும் திறன் போய்விடுகிறது; புதிய மூலக்கூறு மண்ணில் நன்றாக ஒட்டியும் கொள்கிறது. இந்த வேலைக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும். ஆண்டுக்கணக்கில் அட்ரசின் தெளித்த வயல்களில், இரண்டு மாதம் நிற்க வேண்டிய மருந்து சில நாட்களிலேயே சிதைந்துபோவதற்கு இதுவே காரணம். மருந்துக்கு இப்போதெல்லாம் வீரியம் இல்லை என்று சலித்துக்கொள்ளும்போது, குற்றம் பொட்டலத்தில் இல்லாமல் மண்ணின் இந்தப் புதுப் பழக்கத்தில் இருக்கவும் கூடும்.

ஆனால் இந்த விருந்தெல்லாம் மேல்மண்ணோடு சரி. வேர்ப்பகுதிக்குக் கீழே கரிமம் குறைவு, நுண்ணுயிரும் குறைவு. அங்கே தப்பி இறங்கிய அட்ரசின் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், அப்படியே இருக்கும்.

எல்லா நுண்ணுயிரும் குளோரினைத் தொடுவதில்லை. பல நுண்ணுயிர்கள் பக்கவாட்டில் இருக்கும் ஈத்தைல் தொகுதியை மட்டும் வெட்டிவிடுகின்றன. அப்போது உருவாகும் மகள் பொருளான டெசீத்தைல் அட்ரசின், தாயான அட்ரசினைவிட மண்ணில் குறைவாக ஒட்டி, அதிகமாக நகரும். நீராய்வாளர்களுக்கு இது நல்ல துப்பு. கிணற்று நீரில் தாயைவிட மகள் மிகுந்திருந்தால், மருந்து நிதானமாக மண்ணின் வழியே நுண்ணுயிர்களைக் கடந்து வந்திருக்கிறது என்று கொள்ளலாம். தாய் மட்டுமே மிகுந்து, மகளின் சுவடே இல்லையென்றால், அது மண்ணைத் தொடாமல் குறுக்குவழியில் வந்தது: வெடிப்பு வழியாக, அல்லது கிணற்றடியில் கழுவிய டேங்கிலிருந்து.

இனி வரம்புகள். ஒரே பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்கிறது, இந்தியா 2, அமெரிக்கா 3, உலக சுகாதார நிறுவனமோ 100. இது யாரோ தவறாக அளந்ததால் வந்த குழப்பமன்று. ஐரோப்பாவின் 0.1 நச்சுத்தன்மையைக் கணக்கிட்டு வந்த எண்ணே அல்ல. குடிநீரில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ இருக்கவே கூடாது என்ற கொள்கைக்கு 1980ல் கொடுத்த வடிவம், எல்லா மருந்துக்கும் பொது. உலக சுகாதார நிறுவனம் 1993ல் 2 என்று வைத்து, பின்னர் நச்சியல் தரவுகளை மறுபரிசீலனை செய்து, மகள் பொருள்களையும் சேர்த்து 100 ஆக உயர்த்தியது. என் பார்வையில் 0.1ஐத் தாண்டிய நீரை உடனே விஷம் என்று அலறுவதும் தவறு, 100க்குள் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. முதல் எண் கசிவைக் காட்டும் மணி, இரண்டாவது உடல்நலக் கணக்கு. இந்திய வேளாண் அமைச்சகம் 2020 மே மாதம் தடைசெய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவில் அட்ரசினும் இருந்தது. 2023ல் வந்த இறுதி ஆணை தடைசெய்தவற்றில் அது இல்லை.

தடை செய்தாலும் நீர் உடனே தெளிவதில்லை என்பதற்கு ஜெர்மனி சான்று. அங்கே 1991லேயே அட்ரசின் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பல்லாண்டு கழித்தும், நிலத்தடி நீர்க் கண்காணிப்பில் அதிகம் தட்டுப்பட்ட மருந்து எச்சங்களில் அட்ரசினும் டெசீத்தைல் அட்ரசினும் முன்வரிசையில் நின்றன. சுண்ணப் பாறையின் நுண்துளைகள் வழியே நீர் ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர்தான் இறங்கும். 40 மீட்டர் ஆழத்தில் நீர்மட்டம் உள்ள இடத்தில் இன்று போய்ச் சேரும் துளி, தடைக்கு முந்தைய வயலில் விழுந்ததாகவே இருக்கலாம். ஐரோப்பிய மக்காச்சோள வயல்களில் அட்ரசினின் இடத்துக்கு டெர்பியூத்தைலசின் வந்தது. அதுவும் அதே வளையம், அதே குளோரின் கொண்டதுதான். ஈத்தைல் இழந்த அதன் மகளும் இப்போது அங்குள்ள நிலத்தடி நீரில் அகப்படுகிறது.