கச்சான்: கொறிப்பதும் வீசுவதும்

ஜூன், ஜூலை மாதங்களில் இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வானிலை அறிக்கையில் பெரும்பாலும் ஒரே வரிதான் கிடைக்கும்: "பிரதானமாக சீரான வானிலை நிலவும்." மழை இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போக, சிறுபோகம் என்னும் வறட்சிக்கால நெல் வேளாண்மைக்கு வாய்க்காலைப் பார்த்து நிற்பவருக்கு அதில் சீர் ஒன்றும் தெரியாது. மேற்கிலிருந்து வரும் சூட்டுக்காற்றை வைத்து அவர் சொல்வது வேறு: "கச்சான் அடிக்குது."

கச்சான் என்றதும் தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு ஒன்றும் புரியாது. யாழ்ப்பாணத்தவருக்கோ முதலில் நிலக்கடலை நினைவுக்கு வரும். மட்டக்களப்பாரான எங்களுக்கும் அது கடலைதான். மலாய் மொழியில் 'கச்சாங்' என்றால் பயறு, கடலை வகை; அந்தக் கச்சான் அந்த வழியில் வந்ததாகவே எனக்குப் படுகிறது. காற்றுக் கச்சான் வேறு சொல். தமிழ்ப் பேரகராதி அதற்கு மேல்காற்று என்று பொருள் தருகிறது. தென் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் மீனவர்கள் வாடை, கொண்டல், சோளகம் என்ற காற்றுப் பெயர்களோடு கச்சானையும் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு அது கடலில் திசை காட்டும் சொல். எங்களுக்கு அது சூடு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இலங்கையின் நடுவே நிற்கும் மலை. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு கொழும்புப் பக்கம் கரையேறி, மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, மலையின் மேற்குப் பக்கத்து வட்டவளை போன்ற இடங்களில் மழையைக் கொட்டிவிடும். ஈரம் மழையாக மாறும்போது வெப்பத்தை விடுவதால், மேகத்துக்குள் ஏறும் காற்று மெதுவாகவே குளிரும்: கிலோமீற்றருக்கு 5, 6 பாகை. மலையைத் தாண்டி ஊவா மாகாணத்தின் வழியாகக் கீழே இறங்கும்போது அந்தச் சலுகை கிடையாது. காய்ந்த காற்று கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 பாகையில் புறப்பட்ட காற்று 500 மீற்றர் உயரத்தில் மேகமாகத் தொடங்கி 1,500 மீற்றர் வரை ஏறினால் ஏறக்குறைய 18 பாகைக்குக் குளிரும். அதே 1,500 மீற்றரை இறங்கி முடிக்கும்போது 33 பாகை. இது மலையைக் கடந்த கணக்கு மட்டும். அப்புறம் காய்ந்த சமவெளியின் வெயில் தன் பங்குக்கு ஏற்றும். எங்களுக்கு வந்து சேர்வது மழையைக் கொடுத்துவிட்ட காற்று.

சாதாரண நாளில் பத்து, பதினொரு மணிக்கெல்லாம் கடற்காற்று வந்து கொஞ்சம் ஆற்றிவிடும். கச்சான் பலமாக இருந்தால் அதைக் கரையேற விடாது. வெப்பம் 38 பாகையை நெருங்கும் நாட்கள் அப்படிப்பட்டவைதான். என் அம்மம்மா கொடியில் உடுப்பு ஒரு பக்கமாகப் பறப்பதைப் பார்த்தே அன்றைய வானிலையைச் சொல்லிவிடுவா. "கச்சான் எழும்பிற்று மனே, வெளியால திரியாத."

இவ்வகைக் காற்றுக்கு உலகம் அறிந்த பெயர் ஃபோன். ஜெர்மன் சொல், தமிழில் எழுதினால் தொலைபேசி ஆகிவிடுகிறது. அதன் வேர் லத்தீனின் 'ஃபவோனியுஸ்', அதாவது மேல்காற்று. மேல்காற்று என்று பொருள்படும் ஒரு சொல் அங்கே அல்ப்ஸ் மலையடியில் சூட்டுக்காற்றின் பெயரானது. அதே பொருளுள்ள இன்னொரு சொல் இங்கே அதே வேலையைச் செய்கிறது. அமெரிக்க வானிலையியல் சங்கத்தின் கலைச்சொல் தொகுப்பில் கச்சான் தன் பெயரிலேயே இருக்கிறது, மட்டக்களப்பைக் குறிப்பிட்டு. எங்கள் வானிலை அறிக்கையில்தான் அதைக் காணோம்.

சரி, இதற்குப் பழந்தமிழில் நேர்ச்சொல் என்ன? கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை. இன்று பருவத்தின் பெயராக மட்டும் நாம் வைத்திருக்கும் சொல் காற்றுக்கும் பெயராக இருந்தது. கச்சான்கோடை என்று இரண்டையும் சேர்த்த வழக்கும் உண்டு. ஆனாலும் கச்சானை நீக்கிக் கோடையைத் திரும்ப நட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். "கோடை வீசுது" என்றால் இன்று யாருக்கும் விளங்காது. எனக்குப் பிடித்தது மேல்காற்று என்ற சொல். மேல் என்றால் மேற்கு, மேல் என்றால் உயரம். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் படும் படுவான்கரைக்கும் அப்பால் இருக்கும் மலையிலிருந்து இறங்கி வரும் காற்றுக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

வைகாசியில் கண்ணகி கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடப்பது இந்தக் காற்று பிடிக்கும் காலத்தில்தான். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது அது நன்றாகவே பிடித்திருக்கும். அங்கே கச்சானுக்கு எதிரே முகத்தை மூடிக்கொண்டு நின்று, கடதாசிச் சுருளில் கச்சான் வாங்கிக் கொறிப்போம். தோலை ஊதவே தேவையில்லை.