முதலில் கிழமை, பிறகு ஓட்டல்: லட்லோவில் இரண்டு இரவு தங்கப் போகிறவர்களுக்கு

"மைதானம் வெறிச்சென்று கிடந்தது தம்பி. நாங்கள் போய் இறங்கிய மாலையில் கடைக்காரர்கள் கூடாரக் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முழுக்க ஒரு கடை இல்லை. அதற்கு அடுத்த நாள் நாங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலுக்குப் போகிறபோது மறுபடி கம்பி நட ஆரம்பித்தார்கள்."

ஈரோட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொலைபேசியில் சொன்னது இது. குரலில் கோபமே இல்லை; அதனாலேயே எனக்கு அதிகமாக வலித்தது. பர்மிங்காமில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருக்கப் போனவர், மனைவியோடு இரண்டு இரவு பழைய ஆங்கிலச் சந்தை நகரம் ஒன்றில் தங்கிப் பார்க்க ஆசைப்பட்டார். வேல்ஸ் எல்லையை ஒட்டி ஷ்ராப்ஷயரில் இருக்கும் லட்லோவைத் தேர்ந்து, அறையும் ரயிலும் நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். திங்கள் மாலை போய், புதன் காலை திரும்புவதாகத் திட்டம். வார நாட்களில் வாடகை குறைவு என்று பார்த்தேனே தவிர, சந்தை எந்தெந்த நாள் என்று பார்க்கவில்லை. லட்லோவில் சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனி. இரண்டு சந்தை நாட்களுக்கு நடுவே இருந்த வெறும் செவ்வாயைப் பொறுக்கி அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

பயண ஏற்பாடுதான் என் தொழில். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு எந்தச் சிற்றூருக்கு யார் கேட்டாலும் முதலில் கிழமையைக் குறித்துக்கொள்கிறேன். ஓட்டல் அதற்குப் பிறகு, ரயில் அதற்கும் பிறகு. விமானக் கட்டணத்தை வாரக்கணக்கில் கவனித்து வாங்குகிறவர்கள்கூட, போகிற ஊர் எந்தக் கிழமையில் விழித்திருக்கும் என்று என்னிடம் கேட்பதில்லை. லண்டனுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. லட்லோ போன்ற ஊருக்கு அதுதான் முதல் கேள்வி.

இடைக்கால இங்கிலாந்தில் சந்தை கூட்டுவது ஓர் உரிமை. அரசரின் பட்டயம் வேண்டும், அல்லது நெடுங்கால வழக்கம் என்று காட்ட வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் பிராக்டன் என்ற ஆங்கில நீதிபதியின் பெயரால் வழங்கிய சட்ட நூல் இதற்கு ஒரு கணக்கே சொல்கிறது. ஒருவர் ஒரு நாளில் போகக்கூடிய தூரம் 20 மைல். அந்த நாளை மூன்று பங்காக்கினால், முதல் பங்கு சந்தைக்குப் போக, நடுப் பங்கு வாங்கவும் விற்கவும், கடைசிப் பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. ஆகவே பழைய சந்தைக்கு ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள், அதாவது ஏறக்குறைய 10.7 கிலோமீட்டருக்குள், புதிய சந்தை வந்தால் அது பழையதைக் கெடுக்கும். அக்கம்பக்கத்து ஊர்கள் ஆளுக்கொரு கிழமையைப் பிடித்துக்கொண்டதும் இதனால்தான். நம் ஊர் வாரச் சந்தைகளுக்குப் பழகியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

என் அனுபவத்தில் லட்லோவுக்குப் பொருத்தமான நாட்கள் வியாழன் மாலை முதல் சனி மதியம் வரை. வெள்ளி முழுநாளும் சந்தை, சனிக்கிழமை காலையில் இன்னொரு சுற்று, பிறகு ரயில். சனி இரவு அந்த ஊர்களில் வாடகை ஏறிவிடும். சனி ஓர் இரவுக்கு மட்டும் என்றால் பல விடுதிகள் அறையே தருவதில்லை, இரண்டு இரவு எடுக்கச் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமையையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் 6 மணி நேரம்தான் திறந்திருக்கலாம். சிறு கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் சிற்றூர்களில் பலர் அன்று கடையைத் திறப்பதில்லை. ரயில்கள் தாமதமாகத் தொடங்கும், பஸ்கள் அநேகமாக இருக்காது. செப்டம்பர் மாதத்தில் லட்லோ கோட்டைக்குள் உணவுத் திருவிழா நடக்கிறது; 1995 முதல் நடந்துவருகிறது. அந்த வார இறுதிக்கு அறை வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும்.

அறை விஷயத்தில் வயதானவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லட்லோவில் ஏறத்தாழ 500 கட்டடங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக நிற்கும் ஃபெதர்ஸ் விடுதியின் முகப்பு 1619-இல் எழுந்தது. இத்தகைய கட்டடத்தில் ஒரு சுவரை இடிக்கக்கூட உரிமையாளருக்கு அனுமதி வேண்டும்; லிஃப்ட் வைப்பதெல்லாம் எளிதில் நடக்கிற காரியமில்லை. மாடிப்படி செங்குத்தாக, ஒரு பாதம் முழுதாகப் பதியாத அளவுக்குக் குறுகலாக இருக்கும். தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். குளியலறைக்குள் இறங்க இரண்டு படி, உத்தரம் நெற்றிக்கு நேரே. படத்தில் இவையெல்லாம் அழகு. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு இரவு இரண்டு மணிக்கு எழுந்து போகும்போது ஆபத்து. பதிவு செய்யும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, எத்தனை படி, தொட்டிக்குள் ஏறிக் குளிக்க வேண்டுமா, தனியாக ஷவர் உண்டா. சிறிய விடுதிகளில் இரவெல்லாம் வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் போய்ச் சேருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லண்டனிலிருந்து லட்லோவுக்கு நேரடி ரயில் கிடையாது. பாடிங்டனில் ஏறி நியூபோர்ட்டில் மாறலாம், யூஸ்டனில் ஏறி க்ரூவில் மாறலாம். பர்மிங்காமிலிருந்து போனாலும் ஷ்ரூஸ்பரியிலோ ஹெரஃபோர்டிலோ மாற வேண்டும். மான்செஸ்டரிலிருந்து மாறாமலே போகலாம். டிக்கெட்டை முழுப் பயணத்துக்கும் ஒன்றாக எடுப்பது நல்லது. முதல் வண்டி தாமதமாகி இணைப்பு வண்டி போய்விட்டாலும் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்; குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் இது பொருந்தும். சில பவுண்டு மிச்சம் பிடிக்கத் தனித்தனியாக எடுத்து, நடுவழியில் புது டிக்கெட் வாங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். 60 வயது நிரம்பியவர்களுக்கான சலுகை அட்டையில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவர் சேர்ந்து போவதற்கென்றும் இதே அளவு குறைக்கும் அட்டை இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பிரிட்டன் சுற்றுலா விசாவுக்குப் பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், கைரேகை கொடுத்தபின் வழக்கமாக 3 வாரத்தில் முடிவு வரும். பணம் திரும்பாத அறையை அதற்கு முன்பே எடுத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சைவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். சைவம் என்று அடையாளம் போட்ட பதார்த்தங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும், பட்டினி கிடக்க நேராது. அடையாளம் இல்லாததில்தான் கவனம் வேண்டும். சூயட் என்பது மாட்டுக் கொழுப்பு. கொழுக்கட்டை போன்ற டம்ப்ளிங்கிலும் மின்ஸ் பை என்ற கிறிஸ்துமஸ் காலத்து இனிப்புப் பணியாரத்திலும் இருக்கக்கூடும். லார்ட் என்பது பன்றிக் கொழுப்பு. வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் உண்டு; சீஸ் ரொட்டியின்மேல் சில சொட்டு விடுவது அங்கே வழக்கம். உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. எந்த எண்ணெய் என்று கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஃபிட்ஜெட் பை என்ற, ஷ்ராப்ஷயரின் பெயர்பெற்ற மாவுப் பண்டத்தில் ஆப்பிள், வெங்காயத்தோடு பன்றியிறைச்சியும் சேரும். நேரமும் முக்கியம். பல இடங்களில் மதியச் சமையல் இரண்டரை மணியோடு நின்று ஆறு மணிக்குத்தான் மறுபடி தொடங்கும். நாலு மணிக்குப் பசித்தால் தேநீரும் கேக்கும்தான். திங்கள், செவ்வாயில் அடுப்பே மூட்டாத உணவகங்களும் உண்டு. அந்தத் தம்பதி செவ்வாய் இரவு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள் என்பதைப் பிறகு அவர் மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கோட்டையைவிட முதலில் புனித லாரன்ஸ் தேவாலயத்துக்குப் போகச் சொல்லுவேன். பாடகர் வரிசையில் மரத்தாலான மடக்கு இருக்கைகள் 28 இருக்கின்றன. இடைக்காலத்தில் நீண்ட வழிபாட்டின்போது நின்றுகொண்டே இருக்க வேண்டும். பலகையை மடக்கிவிட்டால் அதன் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு விளிம்பில் உடம்பைச் சற்றுச் சாய்த்துக்கொள்ளலாம். அந்த விளிம்புக்குக் கீழேதான் சிற்பங்கள். ஒன்றில், அளவு குறைத்து மது விற்றவளை ஒரு பேய் தலைகீழாகத் தோளில் போட்டுத் தூக்கிப் போகிறது. அவள் கையில் அந்தப் பொய்யளவுக் குவளை இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் வேறொரு பேய் அவளுடைய குற்றப் பட்டியலை வாசிக்கிறது. மறுபக்கம் நரகம் ஒரு பெரிய மிருகத்தின் வாயாகத் திறந்து காத்திருக்கிறது. வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் அதே ஊரின் சந்தையில் தராசு இன்றைக்கும் ஆடுகிறது. வெள்ளிக்கிழமை போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டையும் ஒரே காலையில் பார்க்க வேண்டும். கோபுரம் 135 அடி, 200 படி. முடிந்தவர்கள் ஏறலாம்.

கோட்டை 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி லேசி குடும்பத்தார் தொடங்கியது. இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், 1501 நவம்பரில் ஸ்பெயின் இளவரசி கேத்தரினை மணந்து அவளோடு இங்கே வந்தான். 1502 ஏப்ரல் 2 அன்று, 15 வயதில், இந்தச் சுவர்களுக்குள் இறந்துபோனான். கேத்தரின் பிறகு அவன் தம்பி எட்டாம் ஹென்றிக்கு மனைவியானாள். அந்தத் திருமணத்தைக் கலைக்க எழுந்த வழக்குதான் இங்கிலாந்துத் திருச்சபையை ரோமிலிருந்து பிரித்தது. மேற்கூரை இழந்து நிற்கும் அறைகளுக்கு நடுவில் வட்ட வடிவத் தேவாலயச் சுவர் ஒன்று தனியாக நிற்கிறது, தவறவிடாதீர்கள். குளிர்காலத்தில் திறக்கும் நாளும் நேரமும் குறையும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் இருக்கிறது என்று மாலையை நம்பிப் போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு.

அரை நாள் மிஞ்சினால் ஸ்டோக்ஸே கோட்டை. ரயிலில் அடுத்த நிலையமான க்ரேவன் ஆர்ம்ஸில் இறங்கி ஏறக்குறைய ஒரு மைல் நடக்க வேண்டும். எல்லா வண்டியும் அங்கே நிற்பதில்லை. திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். அதைக் கட்டியவர் லட்லோ லாரன்ஸ் என்ற கம்பளி வணிகர். 1291-இல் அரண் கட்ட அரசரிடம் உரிமை பெற்றார். 1294-இல் கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி இறந்தார். அவர் கட்டிய பெரிய கூடத்தின் மரக்கூரைக்குக் கீழே இன்றும் நிற்கலாம். லட்லோவின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கூடம் அளவுக்குச் சொல்லும் இடம் வேறில்லை.

தலைமையாசிரியர் மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் மறுபடி மகள் வீட்டுக்குப் போனார். இந்த முறை வியாழன் முதல் சனி வரை, தரைத்தள அறை, ஒரே டிக்கெட். கட்டணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மதியம் ஒரு படம் அனுப்பினார். கோட்டை வாசலுக்கு எதிரே கோடு போட்ட கூடாரத் துணிக்குக் கீழே அவர் மனைவி நிற்கிறார். கையில் காகிதப் பை. கடைக்காரர் தராசில் கருநீல டாம்சன் பழங்களைக் கொட்டுகிறார். அம்மா குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.