எலும்புக்குள் போன ஈயம் எப்போது வெளியே வரும்?

பழைய பெயின்ட் உதிர்ந்துகொண்டே இருந்த வீட்டில் வளர்ந்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அந்தப் பெயின்ட்டில் ஈயம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இப்போது ரத்தப் பரிசோதனை செய்ததில் நார்மல் என்று வந்துவிட்டது. அப்படியானால் உடம்பிலிருந்து எல்லாம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் அண்மைக் காலத்து நிலவரத்தைத்தான் சொல்லும். பெரியவர்கள் உடலில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் இருப்பது எலும்பில். அங்கே அது பாதியாகக் குறைய பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகும்.

எலும்புக்கு ஏன் போகிறது? ஈய அயனிக்கும் கால்சிய அயனிக்கும் இரண்டு நேர்மின்சுமை. அளவிலும் பெரிய வித்தியாசமில்லை. கால்சியம், இரும்பு போன்றவற்றை உள்ளே இழுக்கக் குடலில் இருக்கும் புரதங்கள் ஈயத்தையும் சேர்த்தே இழுத்துக்கொள்கின்றன. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும் என்றால், சிறு குழந்தைகளுக்குப் பாதிவரை சேர்ந்துவிடும். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைவாக உள்ள குழந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அப்புறம் மூளையில், நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்தில் கால்சியம் செய்ய வேண்டிய வேலையில் இது குறுக்கே வந்து நிற்கும். 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். வெளிப்பார்வைக்கு எந்த நோயும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். ஆனாலும் பல்லில் ஈயம் கூடுதலாக இருந்தவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனையில் மதிப்பெண் குறைவாக இருந்தது. வகுப்பில் கவனமும் குறைவு என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். இதெல்லாம் ஓரளவு பரவலாகத் தெரிந்த கதை. வாசகியின் கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைத் தொடுகிறது.

எலும்பு உயிருள்ள திசு, உடம்பின் கால்சியக் களஞ்சியம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்கும். எலும்பை அரிக்கும் செல்கள் வேலையைத் தொடங்கும். கரைந்த கால்சியம் ரத்தத்துக்கு வரும். எலும்பின் படிகத்தில் கால்சியத்தின் இடத்தில் ஈயம் உட்கார்ந்திருந்தால் அதுவும் கூடவே கிளம்பி வரும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், பால் கொடுக்கும் காலத்தில், மாதவிடாய் நின்றபிறகு, நீண்ட நாள் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது எலும்பு அதிகமாகக் கரையும். பிறக்கும் குழந்தையின் எலும்புக்கூட்டில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். தாயின் ரத்தத்தில் இருந்துதான் அது போயாக வேண்டும். ஈயத்தை நஞ்சுக்கொடி தடுப்பதில்லை.

சரி, கர்ப்பிணியின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் இன்று சாப்பிட்டதா, சிறுவயதில் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஈய அணுக்கள் எல்லாம் ஒரே எடை கிடையாது. 204, 206, 207, 208 என்று நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. இவற்றில் 204 பூமி உருவானபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இன்றும் இருக்கிறது. மற்ற மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதையக் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனால் ஈயம் ஒரு தாதுப் படிவமாகத் தனியே பிரிந்துவிட்டால், அதனோடு யுரேனியம் இல்லாததால், இந்த நான்குக்கும் இடையிலான விகிதம் அன்றைக்கே உறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்து ஈயம் சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பிரிந்தது. அதனால் அதில் 206 குறைவு. ஐரோப்பாவில் புழங்கிய ஈயம் பெரும்பாலும் அதைவிட இளையது. அதில் 206 அதிகம். மனித உடம்பு இந்த விகிதத்தை மாற்றுவதில்லை. ஒரு துளி ரத்தத்தில் இருக்கும் ஈயம் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைநிறமாலைமானி என்ற கருவி சொல்லிவிடும்.

1990-களில் பிரையன் கல்சனும் அவரது குழுவினரும் ஆஸ்திரேலியாவில் இதைக் கையில் எடுத்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பெண்களின் ரத்தத்தைக் கர்ப்பகாலம் முழுவதும், பிரசவத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்ப அளந்தார்கள். இப்போது அவர்கள் சாப்பிடுவதும் சுவாசிப்பதும் ஆஸ்திரேலிய ஈயம். எலும்பில் இருப்பது பிறந்த நாட்டு ஈயம். கர்ப்பம் முதிர்ந்தபோதும் பால் கொடுத்த மாதங்களிலும் ரத்தத்தில் ஈயம் கூடியது. கூடவே ஐசோடோப்பு விகிதமும் பிறந்த நாட்டுப் பக்கமாக நகர்ந்தது. வேறொரு கண்டத்தில், வேறொரு வயதில் எலும்பில் படிந்த அணுக்கள் இப்போது வெளியே வந்துகொண்டிருப்பதை நேரடியாகப் பார்த்துவிட்டார்கள்! இதைவிடத் தெளிவான சான்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த அளவீட்டு முறைக்குப் பின்னால் கிளேர் பேட்டர்சனின் உழைப்பு இருக்கிறது. விண்கல்லில் ஈய ஐசோடோப்புகளை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் சொன்னவர். அளக்கப் போன இடமெல்லாம் காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வேற்று ஈயம் வந்து கணக்கைக் கெடுத்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய், பெட்ரோலில் கலந்த ஈயத்தைக் கண்டுபிடித்தார். 1965-இல் அதை வெளிப்படையாக எழுதினார். அவருக்கு எண்ணெய்த் துறை கொடுத்துவந்த நிதி நின்றது. விண்கல்லில் அணுக்களை எண்ணுவதால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் ஆய்வு நிதி ஒதுக்கும் இடங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் காட்டும் பதில் பேட்டர்சன்தான். ஈயம் கலந்த பெட்ரோலை வாகனங்களுக்கு விற்பது உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் நின்றது 2021-இல்.

"உடம்பில் உள்ள ஈயத்தைச் சுத்தம் செய்கிறோம்" என்று விற்கப்படும் பானங்களையும் பொடிகளையும் நம்ப வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவமனையில் கொடுக்கப்படும் உண்மையான மருந்தான சக்சிமரே ரத்தத்தில் இருக்கும் ஈயத்தைத்தான் பிடித்து வெளியேற்றுகிறது. மருந்தை நிறுத்தினால் எலும்பிலிருந்து திரும்ப ஏறுகிறது. மிதமான ஈய அளவு இருந்த சிறு குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. ரத்த அளவு இறங்கியது, நுண்ணறிவு மதிப்பெண் மேம்படவில்லை. கடுமையான நச்சேற்றத்தில் அந்த மருந்து உயிர் காக்கும், அது வேறு விஷயம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. எலும்பைக் கரைக்கவேண்டிய தேவையைக் குறைக்கலாம். மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் ரத்தத்தில் ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. எளிய மாத்திரைக்கு இது நல்ல பலன். கடிதம் எழுதிய வாசகி கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தால், சிறுவயது வீட்டைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கால்சியமும் இரும்பும் போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஈயப் பரிசோதனையைக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஒருமுறை, பால் கொடுக்கும் மாதங்களில் ஒருமுறை செய்துகொள்ளலாம். பாலில் வந்துசேரும் ஈயம் பொதுவாக மிகக் குறைவு. தாயின் ரத்தத்தில் அளவு மிக உயர்ந்திருந்தால் ஒழிய, தாய்ப்பாலை நிறுத்த மருத்துவர்கள் சொல்வதில்லை.