பிஞாத்தா என்பது உறியடி அல்ல

மெக்சிகோவில் நடக்கும் கதை தமிழில் டப் ஆகி வந்தால் போதும், பிறந்தநாள் காட்சியில் பிஞாத்தா, அதாவது உள்ளே மிட்டாய் நிரப்பி, கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பால் உடைக்கிற காகிதக் கழுதை ஒன்று தொங்கியவுடன் யாராவது ‘உறியடி’ என்று சொல்லிவிடுகிறார்கள். சப்டைட்டிலில் அதே சொல், சிறுவர் புத்தக மொழிபெயர்ப்பிலும் அதே சொல். நிறைய தடவை கேட்டாயிற்று, இது தப்பு.

சொல்லின் கதை சிறியதுதான். இத்தாலிய மொழியில் பிஞாத்தா என்றால் சமைக்கிற மண்பானை. ஸ்பானிய மொழி அதை வாங்கிக்கொண்டது. ஸ்பெயினில் தவக்காலத்தின் முதல் ஞாயிறுக்கே பிஞாத்தா ஞாயிறு என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவிகளோடு மெக்சிகோவுக்குப் போனது. மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கில் இருக்கும் அகோல்மானைத்தான் அந்நாட்டுப் பிஞாத்தாவின் பிறப்பிடமாகச் சொல்கிறார்கள், அங்கே அகஸ்தீன் சபை மடம் இருந்தது. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற கதையும் உண்டு, அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

பழைய வடிவம் ஏழு முனை நட்சத்திரம். முனைகள் ஏழும் தலையான பாவங்கள், கண்ணைக் கட்டுவது விசுவாசம், கம்பு நற்பண்பு, உள்ளிருந்து கொட்டுவது இறையருள் என்று விளக்கம் சொல்வார்கள். நடுவில் மண்பானை, மேலே மாவுப் பசையில் ஒட்டிய செய்தித்தாள், அதற்கும் மேலே வண்ண மெல்லிய காகிதத்தில் வெட்டிய குஞ்சம். கிறிஸ்துமஸுக்கு முன் டிசம்பர் 16 முதல் 24 வரை நடக்கும் போசாதா என்ற கொண்டாட்ட இரவுகளில் உடைக்கும்போது நிலக்கடலை, கரும்புத் துண்டு, கமலா ஆரஞ்சு, மிட்டாய் எல்லாம் கொட்டும். பானை ஓடு தலையில் விழுந்து பிள்ளைகளுக்குக் காயம் படுகிறது என்பதால் இப்போது பெரும்பாலும் முழுக்கக் காகிதம், அட்டைதான்.

இப்போது உறியடிக்கு வருகிறேன். உறி என்பது பாலும் தயிரும் பூனைக்கு எட்டாமல் இருக்க உத்தரத்தில் தொங்கவிட்ட கயிற்றுத் தூக்கு. உறியடி என்பது கண்ணன் வெண்ணெய் எடுத்த கதையை வைத்து கிருஷ்ண ஜெயந்திக்கு ஆடுகிற ஆட்டம். ஒருவர் கயிற்றை மேலும் கீழும் இழுக்க, அடிப்பவர் முகத்தில் தண்ணீரை வீசியடிப்பார்கள். கயிற்றை இழுத்துப் போக்குக் காட்டுவது பிஞாத்தாவிலும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் உறியடி ஓர் ஆட்டத்தின் பெயர், பிஞாத்தா ஒரு பொருளின் பெயர். அம்மா கடைக்குப் போய் ‘உறியடி வாங்கி வந்தாள்’ என்று ஒரு புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, அதைப் படிக்கிற குழந்தைக்கு என்ன புரியும்? போதாததற்கு, அடிக்கவே அடிக்காத பிஞாத்தாவும் விற்கிறது: அடியில் நாடாக்கள் தொங்கும், பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்து இழுத்தால் ஒரு நாடா மட்டும் கதவைத் திறக்கும். அங்கே உறியும் இல்லை, அடியும் இல்லை.

உள்ளூர்ச் சொல் வைத்தால்தான் வாசகருக்கு நெருக்கமாக இருக்கும் என்பார்கள். நெருக்கம் வேண்டுமென்றால் பொங்கலுக்குக் கண்ணைக் கட்டிப் பானை உடைக்கிறோமே, இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்கு முட்டி உடைக்கிறார்களே, அதுதான் இதற்கு நிஜமான உறவு. மூலச் சொல்லின் பொருளும் பானைதான். அதனால் தமிழ்ப் பெயர் கட்டாயம் வேண்டும் என்றால் மிட்டாய்ப் பானை என்று வையுங்கள். மிட்டாய் தமிழல்ல என்று சண்டைக்கு வருகிறவர்கள் இனிப்புப் பானை என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. இப்போது அது காகிதம்தானே, பானை எங்கே என்று கேட்டால், ஸ்பானிய மொழி பேசுகிறவர்களும் காகிதக் கழுதையை அந்தப் பானைப் பெயரால்தான் இன்னமும் கூப்பிடுகிறார்கள். ‘பரிசுப் பொம்மை’ மட்டும் வேண்டாம், அதில் உள்ளே ஏதோ இருக்கிறது என்பதும் இல்லை, உடைப்பதும் இல்லை.

கதை மெக்சிகோவில் நடந்தால் பிஞாத்தா என்றே விடுவது என் கட்சி. பினாட்டா என்று எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் ñ என்ற ஸ்பானிய எழுத்தின் தலையிலிருக்கும் வளைகோட்டைத் தொலைத்துவிட்டு எழுதியதை நாம் அப்படியே படித்ததால் வந்த ‘னா’ அது. அந்த ஒலிக்கு நம்மிடம் ஞ இருக்கிறது, கடைசியில் வருவதும் நம் த போலப் பல்லில் பட்டு ஒலிப்பதுதான், ட அல்ல. ஆங்கிலம் வழியாக மட்டுமே உலகத்தைப் பார்க்கிற மொழிபெயர்ப்பாளர்கள் ஸ்பானியப் பெயர்களை எல்லாம் இப்படித்தான் கெடுக்கிறார்கள், ஒரு தடவை உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எழுத இரண்டு நிமிடம் ஆகுமா?

அப்புறம் வினை. ‘பினாட்டாவை அடித்து விளையாடினர்’ என்று எழுதுகிறார்கள். ஸ்பானியத்திலேயே பிஞாத்தாவை உடைப்பது என்றுதான் வழக்கு. பிஞாத்தா உடைத்தார்கள் என்று எழுதினால் போதும்.